ஆராய்ச்சிக்கூடத்தைக் காலி செய்தது யார்?

“படித்தது பௌதிகம். வாங்கியது டாக்டர் பட்டம். பார்ப்பதோ கம்பெனியில் கணக்கு ஒழுங்குபடுத்தும் வேலை! இதற்கா மக்கள் வரிப்பணத்தைக் கொட்டிப் படிக்க வைத்தோம்?” - ஆராய்ச்சியை விட்டு டேட்டா என்ஜினீயர் வேலைக்குப் போகும் இளைஞர்களைப் பார்த்து இப்படிக் கேட்கும் பெரியவர்கள் பெருகி வருகிறார்கள். கேட்பவர்களில் பலர், மாதச் சம்பளமும் ஓய்வுக்கால வசதியும் உறுதியான நாற்காலியில் அமர்ந்து கொண்டுதான் கேட்கிறார்கள்!

போகிறவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன், அவனைப் போக வைத்தது யார் என்று விசாரிப்பதல்லவா நியாயம்? அந்த விசாரணையைத்தான் இங்கே நடத்த விரும்புகிறோம்.

முதலில், அந்த வேலை இழிவானதா என்று பார்ப்போம். வங்கியில் பணம் போடுகிறோம். இரயிலுக்குச் சீட்டுப் பதிகிறோம். மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கிறோம். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு குறிப்பாகப் பதிவாகிறது. ஒரே ஆளின் பெயர் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோரிடத்தில் வேறு விதமாகவும் இருக்கும், தேதி மாறியிருக்கும், பாதி விவரம் விட்டுப் போயிருக்கும். இவற்றையெல்லாம் திரட்டி, பிழை களைந்து, வரிசைப்படுத்தி, வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில் போய்ச் சேரும்படி வழி அமைத்துக் காப்பவரே டேட்டா என்ஜினீயர். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவருபவரைப் போன்றவர். குழாய் உடைந்த அன்றுதான் ஊர் அவரை நினைக்கும்!

கருவி காட்டிய அளவில் எது உண்மை, எது கருவியின் கோளாறு என்று இரவு பகலாகப் பிரித்துப் பழகிய விஞ்ஞான மாணவனுக்கு இது அந்நியமான தொழில் அல்ல. மகலனோபிஸ் என்ன படித்தார்? கேம்பிரிட்ஜில் பௌதிகம். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகம் போதித்தவர்தான் 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தொடங்கக் காரணமாக இருந்தார். பௌதிகத்தை விட்டுப் புள்ளிவிவரத்துக்கு ஓடிவிட்டார் என்று எவரும் அவரைத் தூற்றவில்லை. காரணம், அன்று அந்தப் பணிக்குப் பொது நிறுவனம் ஒன்று இடம் கொடுத்தது. இன்றைய இளைஞனுக்கு அந்த இடத்தைக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

கொடுக்க வேண்டிய டில்லி சர்க்காரின் கணக்கையே பார்ப்போம். 2020-21-ஆம் ஆண்டில், நாட்டு உற்பத்தியின் மதிப்பில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஆராய்ச்சிக்குச் செலவானது 64 காசு! அதே காலத்தில் சீனா 2 ரூபாய்க்கு மேலும், தென் கொரியா 4 ரூபாய்க்கு மேலும் செலவிட்டன. சந்திரனில் கலம் இறங்கிய அன்று கொடி பிடித்து ஆடியவர்கள், இந்த 64 காசைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆராய்ச்சி மாணவருக்கான உதவித்தொகை, போராட்டங்களுக்குப் பிறகு, 2023 ஜனவரி முதல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ. 37,000, பின்னர் ரூ. 42,000 என்று உயர்த்தப்பட்டது. தொகை ஏட்டில் உயர்ந்தது. கைக்கு வருவதோ பல இடங்களில் மாதக்கணக்கில் தாமதம்! வீட்டு வாடகைக்காரர் “கிராண்ட் வரட்டும்” என்று காத்திருப்பாரா?

பட்டம் வாங்கிய பிறகாவது வேலை உண்டா? மத்திய பல்கலைக் கழகங்களில் மட்டும் 2023-இல் சுமார் 6,000 ஆசிரியர் இடங்கள் காலி. நம் மாநிலக் கல்லூரிகளின் நிலையும் பெருமைப்படத் தக்கதல்ல. நிரந்தர இடத்தை நிரப்பாமல், ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று பெயர் சூட்டி வேலை வாங்குகிறார்கள். கௌரவம் பெயரோடு நின்றுவிடுகிறது! ஆள்வோர் நம்மவராயினும் இதை நாம் சொல்லியே தீருவோம்.

இந்த நிலையில் முதலில் வெளியேறுவது யார்? பரம்பரையாகப் படித்த, சொத்துள்ள குடும்பத்துப் பிள்ளை பத்தாண்டு காத்திருக்க முடியும். வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்ற நெசவாளி மகளால் முடியுமா? முப்பது வயதை எட்டும்போதும் ஒப்பந்த வேலை, ஊரில் தந்தையின் கடன், தம்பியின் படிப்பு. அவள் போகிறாள். அவள் போன பிறகு, “தகுதி உள்ளவர்கள் கிடைக்கவில்லை” என்று கூறி ஒதுக்கீட்டு இடத்தைக் காலியாகவே வைக்கிறார்கள்! துரத்தியும் விட்டு, ஆள் இல்லை என்று பாசாங்கும் செய்வதா?

அவள் போய்ச் சேரும் இடமும் சொர்க்கலோகம் அல்ல. தனியார் கம்பெனியில் இட ஒதுக்கீடு கிடையாது. 2022, 2023 ஆண்டுகளில் உலகப் பெருங்கம்பெனிகள் ஆயிரக்கணக்கானோரை ஒரே கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பியதை மறக்கலாகாது. எனவே போகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை: தலை நிமிர்ந்து போங்கள், ஆனால் கண்ணைத் திறந்து கொண்டு போங்கள். பைத்தான் தெரியும் என்பது மட்டும் போதாது. எஸ்.க்யூ.எல். மொழியைத் திருத்தமாகக் கற்றுக் கொள்ளுங்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் உங்களுக்கு மட்டும் புரியும்படி நிரல் எழுதியிருப்பீர்கள். அங்கே அது நீங்கள் தூங்கும்போதும் ஓட வேண்டும், உடைந்தால் வேறொருவர் படித்துச் சரி செய்ய வேண்டும். இந்த ஒழுக்கமே புதிதாகப் பழக வேண்டியது.

கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு கேள்வி உண்டு. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கருவிகள் எங்கே பிறந்தன? பைத்தான், நெதர்லாந்தின் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து 1991-இல் வெளிவந்தது. வலைத்தளம், ஜெனீவா அருகே அணுத்துகள் ஆராய்ச்சி நடக்கும் செர்ன் நிலையத்தில் 1989-இல் கருக்கொண்டு, 1993-இல் உலகுக்கு இலவசமாகத் தரப்பட்டது. பெருந்தரவைக் கையாளும் ஸ்பார்க், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகத்தில் 2009-இல் உருவானது. பொதுப்பணம் வெட்டிய கிணறுகள் இவை. இந்தியாவிலோ ஆராய்ச்சிச் செலவில் தனியார் பங்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். தண்ணீர் இறைப்பவர் தூர் வாரவும் வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: உதவித்தொகை மாதம் தவறாமல் முதல் தேதியில் வரட்டும். காலி இடங்கள் இட ஒதுக்கீட்டு முறை வழுவாமல் நிரப்பப்படட்டும். வெளியே போனவர் அனுபவத்தோடு திரும்பி வர விரும்பினால், வயதைக் காட்டிக் கதவைச் சாத்தாத விதி வரட்டும். தனியார் வேலையிலும் இட ஒதுக்கீடு வரட்டும்.

இவற்றைச் செய்த பிறகும் ஒருவர் விரும்பி வேறு தொழிலுக்குப் போனால், அது அவர் உரிமை, வாழ்த்தி அனுப்புவோம். செய்யாத வரையில், போகிற இளைஞனைப் பார்த்து விரல் நீட்டும் தகுதி எவருக்கும் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தை அவன் காலி செய்யவில்லை. அவனைக் காலி செய்ய வைத்தார்கள்!