நிறம் மறைந்தால் போதுமா?

மேனிலைப் பள்ளியில் வேதியியல் பயின்றோர்க்கு எத்திலீன் வாயுவைத் தயாரிக்கும் பாடம் நினைவிருக்கும். எத்தில் ஆல்ககாலுடன் அடர் கந்தக அமிலத்தைச் சேர்த்து ஏறத்தாழ 170 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால், ஆல்ககாலிலிருந்து நீர் நீங்கி எத்திலீன் வெளிப்படும். (ஆல்ககால் என்னும் சொல்லே கண்ணுக்கிடும் மையைக் குறித்த ‘அல்குஹ்ல்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது என்பது மொழி பயில்வோர் அறிந்து மகிழத்தக்க செய்தி.) வெப்பம் 140 பாகை அளவில் நின்றுவிட்டால் கிடைப்பது பெரும்பாலும் ஈதரே. வாயுவை நீரின் மேல் சாடிகளில் சேகரிப்பர். அது புரோமின் நீரின் செம்பழுப்பு நிறத்தைப் போக்கும். காரம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதா நிறத்தையும் நீக்கும். பாடநூல் இதனை ஒரு பக்கத்தில் கூறி முடித்துவிடுகின்றது.

அப்பக்கத்தின் படத்தில், சூடாக்கும் குடுவைக்கும் நீர்த்தொட்டிக்கும் நடுவே, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் நிறைந்த சிறு குடுவை ஒன்றுண்டு. மாணவர்கள் அதனை வரைகின்றனர், பெயரையும் குறிக்கின்றனர். அஃது ஏன் அங்கிருக்கின்றது என்று கேட்போர் மிகச் சிலரே. நமது கருத்தில், அச்சோதனையின் உயிர்நிலை அக்குடுவைதான்.

அடர் கந்தக அமிலம் நீரை நீக்குவதோடு நில்லாமல், ஆல்ககாலின் ஒரு பகுதியைக் கரியாக்கி, ஆக்சிஜனேற்றமும் செய்கின்றது. கலவை கறுக்கின்றது, கந்தக டை ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் எத்திலீனுடன் கலந்து வருகின்றன. இவற்றுள் கந்தக டை ஆக்சைடு புரோமின் நீரையும் நிறமிழக்கச் செய்யும். பெர்மாங்கனேட்டையும் நிறமிழக்கச் செய்யும். நடுக்குடுவையின் காரம் அதனைப் பிடித்து நிறுத்தாவிடில், நிறத்தைப் போக்கியது எத்திலீன்தான் என்று எவரும் உறுதி கூற இயலாது.

நாம் பயின்ற காலத்தில் ஒரு நாள் ஆய்வகத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு தீர்ந்து போயிருந்தது. குடுவையின்றியே சோதனை நடந்தது. நிறம் மறைந்தது; எல்லோரும் குறிப்பேட்டில் ‘எத்திலீன் உறுதியாயிற்று’ என எழுதினோம். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் மட்டும் எழுந்து, “ஐயா, தீக்குச்சி கொளுத்திய நெடி வருகிறதே” என்றார். “உட்கார், மணி அடிக்கப் போகிறது” என்பதே விடையாயிற்று. அன்று அவ்வறையில் வேதியியல் பயின்றவர் அவர் ஒருவரே என்று இன்று எண்ணுகின்றோம். அமிலத்தில் நனைத்த பொட்டாசியம் டைகுரோமேட்டுத் தாள் ஒன்றைக் காட்டியிருந்தால், ஆரஞ்சு நிறம் பச்சையாகி அவர் ஐயத்தை மெய்ப்பித்திருக்கும்.

மதிப்பெண்ணுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா என்பர் சிலர். பழக்கடையை எண்ணிப் பாருங்கள். புகை மூட்டமிட்டு வாழைத்தாரைப் பழுக்க வைத்த நம் முன்னோர், பெயரறியாமலே எத்திலீனைப் பயன்படுத்தினர். இன்று பழுக்க வைக்கும் அறைகளில், பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்புத் துறை 2016இல் இசைவளித்தது. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பதோ தடை செய்யப்பட்டுள்ளது. கார்பைடிலிருந்து வருவது அசிட்டிலீன். அதுவும் புரோமின் நீரின் நிறத்தைப் போக்கும்! இரண்டையும் பிரித்தறிய அம்மோனியா கலந்த குப்ரஸ் குளோரைடு கரைசல் வேண்டும். அசிட்டிலீன் அதில் செந்நிற வீழ்படிவு தரும், எத்திலீன் தராது. நிறம் போனதை மட்டும் மனனம் செய்தவர் நாளை உணவு ஆய்வாளராக அமர்ந்தால், எந்த வாயுவென்று எவ்வாறு சொல்வார்?

இச்சோதனையை வீட்டில் செய்து பாருங்கள் என்று நாம் கூறவில்லை. அனலை அணைக்கும் முன் போக்குக் குழாயை நீரிலிருந்து எடுக்கத் தவறினால், நீர் பின்னேறிக் கொதிக்கும் அமிலத்தில் பாயும். ஆசிரியர் அருகிருந்து செய்விக்க வேண்டியது இது.

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. குறிப்பேட்டில் ‘முடிவு’ எழுதுமுன், ‘கண்டதும் முகர்ந்ததும்’ என ஒரு பத்தி எழுத விடுங்கள். நூலுக்கு மாறாயிருப்பினும் அடிக்காதீர்கள். சமுதாயப் பெரியோர்களிடமும் ஒன்று: புதிய கட்டடத் திறப்பு விழாவுக்கு வரும் நாளில் ஆய்வக அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு புட்டி காலியாயிருக்கக் கூடும்.