கூக்கால் ட்ரிப் போறீங்களா? டயர்ல '32'னு சொன்னா மட்டும் போதாது!

வீக்எண்டுக்கு கொடைக்கானல், அப்படியே பூம்பாறை தாண்டி கூக்கால் ஏரி. கிளம்பும் முன் பங்க்கில் காற்று பிடிக்கிறோம். "எவ்வளவு?" "32." இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனா கார் கதவோர ஸ்டிக்கரில் 220 என்றோ 2.2 என்றோ இருந்தால் குழம்பிவிடுகிறோம். மூன்றும் ஒன்றுதான்: 32 பிஎஸ்ஐ, 220 கிலோபாஸ்கல், 2.2 பார். 1 பார் என்றால் 100 கிலோபாஸ்கல், அதாவது 14.5 பிஎஸ்ஐ. இதை ஞாபகம் வைத்தாலே டயர் கணக்கு ஓவர். (பிஎஸ்ஐ என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. 1956-லேயே மெட்ரிக் முறைக்குச் சட்டம் போட்ட நாட்டில், டயர் மட்டும் இன்னும் பவுண்டை விடவில்லை!)

உண்மையான சிக்கல் பெருக்கல், வகுத்தலில் இல்லை. எதிலிருந்து அளக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் நிஜமான காற்றழுத்தம் 785 ஹெக்டோபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் வெதர் ஆப்கள் பொதுவாக 1,010-க்குப் பக்கத்தில் ஓர் எண்ணைக் காட்டும். ஊர்களை ஒப்பிட வசதியாக, கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும் வழக்கம் அது. தப்பில்லை, ஆனா அதைச் சொல்லாமல் விடுவது தப்பு. பள்ளியில் படித்த 760 நினைவிருக்கா? மில்லிமீட்டர் பாதரசத்தில் அது கடல்மட்ட அழுத்தம். அதே 760 ஹெக்டோபாஸ்கல் என்றால், 2,343 மீட்டரில் இருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் உயரத்துக்கு வந்துவிடுவோம். அலகை விட்டுவிட்டால் மெரினாவும் கொடைக்கானலும் ஒன்றாகிவிடும்.

இப்போ டயருக்கு வருவோம். "மலை ஏறினா காற்று விரியும், 4 பாயின்ட் இறக்கிக்கோங்க" என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. டயர் கேஜ் காட்டுவது, வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே. வத்தலக்குண்டைவிட மேலே வெளிக்காற்று கிட்டத்தட்ட 200 ஹெக்டோபாஸ்கல் குறைவு. அதனால் கேஜில் சுமார் 3 பிஎஸ்ஐ ஏறணும். ஆனா கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால், குளிரில் டயருக்குள் இருக்கும் அழுத்தம் அதே 3 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கிவிடும். அதாவது வண்டியை நிறுத்தி டயர் ஆறியபின் பார்த்தால், பழையபடி 32-ஐ ஒட்டியே நிற்கும்!

முன்கூட்டியே 4 இறக்கியவர் என்ன ஆவார்? மேலேயும் 28, திரும்பி இறங்கும்போதும் 28. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் அதிகம் மடங்கும், சூடாகும். ஃபுல் லோடோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது யாருக்கு வேணும் இந்த ரிஸ்க்?

கூக்காலில் காலையில், வண்டியை எடுக்கும் முன் கையடக்க கேஜ் வைத்துப் பாருங்கள். ஓட்டி முடித்த சூட்டில் பார்த்து காற்றை இறக்காதீர்கள். ஸ்டிக்கரில் இருக்கும் எண் ஆறிய டயருக்கானது.