வேலி வயருக்குக் காவலாளியா காசு கட்டுவது?



யானை வேலிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி வெயிலிலும் மழையிலும்தான் நிற்கிறது. கம்பத்தின் மேலே சோலர் தகடு, கீழே பெட்டிக்குள் 12 வோல்ட் பற்றரி, பக்கத்தில் வேலிக்கு அடி கொடுக்கும் எனர்ஜைசர். தகட்டிலிருந்து பற்றரிக்கு இறங்கும் சார்ஜ் வயர்தான் இதிலே மலிவான சாமான். முதலில் பழுதாவதும் அதுதான். வெயிலில் மேலுறை வெடிக்கும், அணில் கடிக்கும், இணைப்பில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூக்கும்.

அறுந்த அன்றைக்கே தெரியாது. பற்றரியில் மிச்சம் இருக்கும்வரை வேலி வேலை செய்யும். பிறகு அது வெறும் கம்பி.

முல்லைத்தீவு மாவட்டத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் சென்ற மாதம் இப்படித்தான் யானைகள் இறங்கி, தென்னம்பிள்ளைகளின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போயின. நிர்வாகம் புது வயரின் விலையைக் காவலாளியின் சம்பளத்தில் கழித்தது. அவர் கவனிக்கவில்லையாம். கவனிப்பதற்கு அவருக்கு மீற்றர் கொடுத்தார்களா? ஸ்டோரில் மாற்று வயர் வைத்தார்களா? கொடுத்தது ஒரு டோர்ச் லைட் மட்டும்.

இந்தக் கழிவை நாங்கள் ஏற்கமாட்டோம். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அனுமதித்ததற்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். வேலி தோட்டத்தின் சொத்து. அதன் வயரும் தோட்டத்தின் செலவு.

காசைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருக்கிறது. வயர் வாங்கித் தர நாள் கடத்தினால், வீட்டுக் கரண்டை இழுத்து வேலியில் கொளுவச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். எனர்ஜைசர் பல ஆயிரம் வோல்ட் கொடுத்தாலும் அது செக்கனுக்கு ஒரு தரம், கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக வந்து போகும். யானை பயந்து விலகும், சாகாது. வீட்டு 230 வோல்ட் விடாமல் ஓடும், தொட்டவரைப் பிடித்துக்கொள்ளும். யானை, மாடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று அது பார்க்காது. 2023இல் மட்டும் யானை மனித மோதலில் இந்த நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டார்கள். அந்த யானைகளில் பல, கள்ளக் கரண்ட் கம்பியில் செத்தவை. அப்படிக் கொளுவுவது குற்றம். துரை சொன்னாலும் செய்யாதீர்கள். வழக்கு வந்தால் துரை நீதிமன்றத்துக்கு வரமாட்டார்.

வயர் மாற்றுவது எங்களுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. 1990க்குப் பிறகு கரண்டே இல்லாத வன்னியில் சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்டவர்கள் நாங்கள். 77இலும் 83இலும் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து குடியேறிய குடும்பங்களும் அப்படித்தான் இங்கே வாழ்ந்தன. செய்யும்போது ஒழுங்கு தவறக்கூடாது, அவ்வளவுதான். எனர்ஜைசரை நிறுத்தி, தகட்டுக்குச் சாக்குப் போர்த்துங்கள். தகட்டு வயரை முதலில் கழற்றி, பற்றரி வயரைப் பிறகு கழற்றுங்கள். பூட்டும்போது பற்றரி முதலில், தகடு கடைசியில். சிவப்பும் கறுப்பும் மாறக்கூடாது. மெல்லிய லைற் வயர் வேண்டாம். 12 வோல்ட் தூரம் போனால் வழியிலேயே குறைந்துவிடும். வெயில் தாங்கும் தடித்த வயரைக் குழாய்க்குள் விட்டு இழுங்கள், பற்றரிக்குக் கிட்ட ஒரு பியூஸ் போடுங்கள். நல்ல வெயிலில் உச்சி நேரம் பற்றரியில் 13 வோல்டாவது காட்டவில்லை என்றால் முதலில் வயரைச் சந்தேகியுங்கள்.

2025 செப்டம்பர் 2ஆம் திகதி புதுக்குடியிருப்பில் வடக்குத் தெங்கு முக்கோணத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார்கள். நல்லது, இன்னும் தென்னம்பிள்ளைகள் நடட்டும். ஆனால் பிள்ளை நடக் காசுள்ள தோட்டத்துக்கு ஒரு சுருள் வயர் வாங்கி வைக்கக் காசில்லை என்றால் யார் நம்புவது?

எங்கள் கோரிக்கை இதுதான். வேலி உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் மாற்று வயர், பியூஸ், மீற்றர் ஸ்டோரில் இருக்க வேண்டும். வயர் மாற்றுவது பகலில், இரண்டு பேர் சேர்ந்து, சம்பளத்தோடு செய்யும் வேலையாக இருக்க வேண்டும். கழித்த காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கும் இப்படிக் கழித்திருந்தால், அந்த மாதச் சம்பளத் துண்டோடு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். தொழில் திணைக்களத்துக்குக் கொடுக்கும் முறைப்பாட்டில் அதையும் சேர்க்கிறோம்.