லேப்டாப் நல்லாத்தான் ஓடுது, விண்டோஸ் 10தான் முடிஞ்சுபோச்சு... லினக்ஸுக்கு மாறலாமா?

2016, 2017 வாக்கில் வாங்கிய லேப்டாப். பேட்டரியை ஒருமுறை மாற்றியாச்சு, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாச்சு. பிரவுசர், எக்செல், வீடியோ கால் என எல்லாமே பிரச்சினையில்லாமல் ஓடுகிறது. ஆனால், விண்டோஸ் 11-க்கு மாற முயன்றால், இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்கிறது திரை. கையில் இருக்கும் விண்டோஸ் 10-க்கோ சப்போர்ட் முடிந்துவிட்டது.

உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் இன்று இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். புது லேப்டாப் வாங்குவதா, இருப்பதையே அப்படியே ஓட்டுவதா, இல்லை மைக்ரோசாஃப்டை விட்டுவிட்டு லினக்ஸ் பக்கம் போவதா? ஒவ்வொன்றிலும் என்ன செலவு, என்ன சிக்கல்?

என்ன நடந்தது?

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29 அன்று. இதுதான் கடைசி விண்டோஸ், இனி அப்டேட்கள் மட்டுமே வரும் என்று அந்த ஆண்டு நடந்த மாநாட்டில் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே சொன்னார். ஆனால் 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டும் நின்றது.

சப்போர்ட் நின்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. வழக்கம்போல ஆன் ஆகும், ஆப்ஸ் ஓடும். நிற்பது பாதுகாப்பு அப்டேட்கள்தான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பொதுவான பகுதிகள் நிறைய. 11-இல் ஓர் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைக்கும்போது, 10-இல் அது எங்கே திறந்து கிடக்கிறது என்பதற்கான துப்பும் ஹேக்கர்களுக்குக் கிடைத்துவிடும். நெட் பேங்கிங் செய்யும், ஆபீஸ் மெயில் பார்க்கும் கணினிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பழைய கணினிக்கு ஏன் விண்டோஸ் 11 கிடையாது?

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. பாஸ்வேர்டு, என்க்ரிப்ஷன் சாவி போன்றவற்றைத் தனியாகப் பூட்டி வைக்கும் பெட்டகம் மாதிரி அது. கூடவே, இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை சிப்கள் வரத் தொடங்கியதே 2017-இல்தான். ஆக, அதற்கு முன் வாங்கிய கணினி எவ்வளவு வேகமாக ஓடினாலும் பட்டியலில் இடம் கிடையாது.

இந்த நிபந்தனைகளால் சுமார் 24 கோடி கணினிகள் மின்னணுக் குப்பையாகிவிடலாம் என்று கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் கணித்தது. நிபந்தனைகளை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் குறுக்குவழிகள் இருக்கின்றன. ஆனால், அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை.

கையில் இருக்கும் வழிகள் என்னென்ன?

முதல் வழி, ஓராண்டு அவகாசம். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கிறது. 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, கணினியின் செட்டிங்ஸை கிளவுடில் பேக்கப் செய்தால் இலவசம். இது தீர்வு இல்லை, தவணைதான்.

இரண்டாவது, புது லேப்டாப். இதற்கும் இது நல்ல நேரம் இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலை ஏறியிருக்கிறது.

மூன்றாவது, லினக்ஸ். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது. இன்று இணையத்தின் சர்வர்களில் பெரும்பகுதி ஓடுவது இதில்தான். பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். கணினிக்கென்று உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஸோரின் எனப் பல வடிவங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜிபி ரேம் இருந்தாலே போதும், 4 ஜிபி இருந்தால் வசதி. டிபிஎம் தேவையில்லை.

விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிந்த அதே நாளில் ஸோரின் ஓஎஸ் 18 வெளியானது. ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 10 லட்சம் டவுன்லோடுகள், அதில் 78 சதவீதத்துக்கு மேல் விண்டோஸ் கணினிகளிலிருந்து என்று அந்தக் குழு அறிவித்தது. டவுன்லோடு செய்த எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால், யோசிப்பவர்கள் நிறையப் பேர் என்பது தெரிகிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

இல்லை. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. ஆன் செய்ததும் எதைத் திறப்பது என்று மெனு கேட்கும். பழக்கப்பட்ட விண்டோஸை அழுத்திவிட்டு நகர்ந்தவர்கள்தான் அதிகம்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் கதை வேறு. அங்கே அரசுப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ்தான் ஓடுகிறது. அதற்கேற்ற பாடப்புத்தகமும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்தே வந்தன. கணினிக்குள் லினக்ஸ் இருப்பது வேறு, அதில் வேலை செய்யப் பழகுவது வேறு என்பதற்கு இந்த இரண்டும் நல்ல உதாரணம்.

ஜெர்மனி சொல்லும் பாடம்

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15 ஆயிரம் கணினிகளை மாற்றியது. உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. ஆனால், வெளி அலுவலகங்களிலிருந்து வரும் கோப்புகள் சரியாகத் திறக்கவில்லை, சில மென்பொருள்கள் ஓடவில்லை என்ற புகார்கள் ஓயவில்லை. அரசியலும் சேர்ந்துகொள்ள, 2017-இல் மாமன்றம் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது.

அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024 ஏப்ரலில், சுமார் 30 ஆயிரம் அரசுக் கணினிகளை மாற்றப்போவதாக அறிவித்தது. இந்த முறை வரிசை வேறு. முதலில் விண்டோஸிலேயே மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், அடுத்து மெயில், அதன் பிறகுதான் லினக்ஸ்.

தனிநபர் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இந்த வரிசையைத்தான். சிக்கல் பெரும்பாலும் ஓஎஸ்ஸில் வருவதில்லை, அதன் மேல் ஓடும் ஆப்ஸில்தான் வருகிறது. லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, ஜிம்ப் எல்லாமே விண்டோஸிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாதம் அவற்றிலேயே வேலை பார்த்துச் சமாளிக்க முடிந்தால், லினக்ஸுக்கு மாறுவது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. முடியவில்லை என்றால், எங்கே இடிக்கிறது என்பது எதையும் அழிக்காமலேயே தெரிந்துவிடும்.

யாருக்கு செட் ஆகும், யாருக்கு ஆகாது?

வேலையில் பாதிக்கு மேல் பிரவுசரிலேயே முடிந்துவிடுகிறது என்பவர்களுக்கு ஓகே. கூகுள் டாக்ஸ், வாட்ஸ்அப் வெப், வீடியோ கால் எல்லாம் லினக்ஸில் வழக்கம்போல ஓடும். கோடிங் செய்பவர்களுக்கு இன்னும் வசதி. தமிழ் டைப்பிங்குக்குத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை இரண்டுமே உண்டு.

டேலி பிரைம், ஆட்டோகேட், ஃபோட்டோஷாப், பிரீமியர் புரோ ஆகியவற்றை நம்பிப் பிழைப்பவர்கள் யோசிக்க வேண்டும். இவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. மேக்ரோ நிறைந்த எக்செல் ஃபைல்கள் லிப்ரே ஆபீஸில் சொதப்பலாம். கணக்கு வேலையில் இருப்பவர்கள், தங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். கேம்ஸைப் பொறுத்தவரை, வால்வ் நிறுவனத்தின் புரோட்டான் வந்தபின் ஸ்டீமில் உள்ள பல விண்டோஸ் கேம்கள் லினக்ஸிலும் ஓடுகின்றன. வாலரண்ட் மட்டும் வேண்டும் என்றால், வாய்ப்பில்லை.

மாறுவதற்கு முன்...

ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கணினியை ஆன் செய்யலாம். இதற்கு ‘லைவ்’ முறை என்று பெயர். இன்ஸ்டால் பட்டனைத் தொடாதவரை ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை, புளூடூத், ஸ்பீக்கர், கேமரா, பிரின்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று இதிலேயே பார்த்துவிடலாம். பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் தகராறு செய்வது வைஃபை சிப்பும் கைரேகை சென்சாரும்தான்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸை நிறுவும் ‘டூயல் பூட்’ முறையும் உண்டு. அதற்கு முன் மூன்று வேலைகள் கட்டாயம். போட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுக்க வேண்டும். பிட்லாக்கர் ஆனில் இருந்தால் அதன் ரெகவரி கீயைக் குறித்துவைக்க வேண்டும். அது இல்லாமல் போனால் விண்டோஸ் டேட்டாவே பூட்டிக்கொள்ளலாம். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியையும் ஆஃப் செய்ய வேண்டும்.

டூயல் பூட்டில் இரண்டு முதலாளிகள் ஒரே வீட்டில் இருப்பது போன்ற சிக்கலும் உண்டு. 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. முழுமையான தீர்வு வர 2025 மே மாதம் ஆனது. அதோடு, டூயல் பூட் செய்தாலும் விண்டோஸ் 10 பக்கம் பாதுகாப்பு இல்லாதது இல்லாததுதான். டேலி போன்ற ஒன்றிரண்டு வேலைகளுக்கு நெட்டைத் துண்டித்துவிட்டு அதைத் திறப்பது நல்லது. பேங்க் வேலையை லினக்ஸில் பார்த்துக்கொள்ளலாம். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால், ஐடி பிரிவைக் கேட்காமல் எதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

அவசரப்பட வேண்டியதில்லை. ஓராண்டு அவகாசத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நேரம் இருக்கிறது. சேராதவர்கள் முதலில் அதில் சேர்ந்துவிட்டு, இன்றே லிப்ரே ஆபீஸை இறக்கி ஒரு ஃபைலைத் திறந்து பார்க்கலாம். அந்த லேப்டாப் இன்னும் நான்கைந்து வருடம் ஓடுமா, காயலான் கடைக்குப் போகுமா என்பதற்கு அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.