மயில் கழுத்து நிறத்தில் ஒரு சிப்பாய்

உங்கள் பீரோவில் மயில் கழுத்துப் பட்டுப் புடவை ஒன்று இருந்தால், அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், சகோதரிகளே. இப்படித் திருப்பினால் நீலம். அப்படித் திருப்பினால் பச்சை. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடுவதால் உண்டாகும் ஜாலம் அது. அதே நிறத்தை ஒன்றரை அங்குல உயரமுள்ள ஒரு பொம்மைச் சிப்பாயின் கவசத்தில், அதுவும் உலோகம்போல் மின்னும்படி, கொண்டுவர வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? இங்கிலாந்தில் எத்தனையோ வீடுகளில், இரவுச் சாப்பாடு ஆனபின் மேஜைமீது பழைய காகிதத்தை விரித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது.

"சிப்பாய் பொம்மையா? அது பையன்கள் சமாசாரமாயிற்றே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எச்.ஜி. வெல்ஸ் என்ற பிரபல ஆசிரியர் 1913-ம் வருஷம் பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் விளையாடுவதற்கு விதிகள் வகுத்து, 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள பையன்களுக்கான விளையாட்டு என்று அதன் நீளமான தலைப்பிலேயே சொல்லிவிட்டு, போனால் போகிறதென்று, பையன்களின் விளையாட்டை விரும்பும் கெட்டிக்காரப் பெண்களையும் வாலில் சேர்த்துக்கொண்டார். கெட்டிக்காரி என்ற பட்டம் கிடைத்ததே, அந்த மட்டில் சந்தோஷம்! ஆனால் அவர் காலத்தில் கடைகளில் விற்ற சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனியார் 1893 முதல் உள்ளே கூடாக வார்த்த காரீயச் சிப்பாய்களைச் செய்து வந்தார்கள். அவற்றுக்குச் சிவப்புச் சட்டையும் கறுப்புத் தொப்பியும் ஒவ்வொன்றாகக் கையால் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். விளையாட்டு அவர்களுக்கு, வேலை நமக்கு!

இப்போது வேலையும் விளையாட்டும் ஒரே கையில் சேர்ந்துவிட்டன. 1975-ல் ஆரம்பித்த 'கேம்ஸ் ஒர்க்ஷாப்' என்ற ஸ்தாபனம் இன்று நாட்டிங்ஹாம் நகரில் இருக்கிறது. அவர்கள் 1987-ல் வெளியிட்ட 'வார்ஹாமர் 40,000' என்ற விளையாட்டின் வீரர்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில், கையும் காலும் தனித்தனியாக வருகிறார்கள். நறுக்கி, ஒட்டி, வர்ணம் தீட்டுவது வாங்கியவர் பாடு. விளையாடுவதே இல்லை, தீட்டுவதோடு சரி என்றிருப்பவர்களும் உண்டு. அந்த விளையாட்டின் கதையில் 'ஆல்ஃபா லீஜியன்' என்று ஒரு படை வருகிறது. மாறுவேஷத்தில் மகா கெட்டிக்காரர்கள். பெயரைக் கேட்டால் சாதாரண வீரனும் தலைவன் பெயரையே சொல்லுவான்! அந்தப் படையின் கவசத்துக்குத்தான் இந்த உலோக நீலப் பச்சை. பார்க்கிற கோணத்துக்கு ஒன்றாகத் தெரியும் நிறத்தை ஆள்மாறாட்டக்காரர்களுக்கு ஒதுக்கியவர் யாரோ, ரசிகர்தான்.

சரி, எப்படித் தீட்டுவது? புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நீலத்தையும் பச்சையையும் வெள்ளி வர்ணத்தோடு ஒரே கிண்ணத்தில் போட்டுக் கலக்குவார்கள். வருவது மயில் கழுத்து அல்ல. மங்கிப்போன சாம்பல் நீலம். காரணம் இதுதான். வெள்ளி வர்ணம் என்பது சாயமல்ல. அலுமினியம் அல்லது காக்காய்ப்பொன்னின் மிக நுண்ணிய தகடுகள் அதில் மிதக்கின்றன. பூசியதும் அவை மீன் செதில்போல் படுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடியாக வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. சாதாரண வர்ணத்தை அதில் கொட்டினால் கண்ணாடிமேல் கம்பளி போர்த்தின மாதிரிதான்.

ஆகவே கலக்கக் கூடாது, அடுக்க வேண்டும். முதலில் கறுப்பு அடிப்பூச்சு. (அதை ஸ்பிரே செய்வதானால் வீட்டுக்கு வெளியே, காற்றும் ஈரமும் இல்லாத நாளில், மூக்கை மூடிக்கொண்டு.) அது உலர்ந்ததும் வெள்ளி. தகடுகள் அடியில் தங்கிவிடும் சுபாவமுள்ளவை. புட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டு மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். அதன்மேல்தான் நிறம், அதுவும் ஒளி ஊடுருவும் நிறம். மை வகைகள் இருக்கின்றன. மெருகுக்கென்றே விற்கும் கண்ணாடி வர்ணங்கள் இருக்கின்றன. 2019-ல் வந்த 'கான்ட்ராஸ்ட்' வர்ணங்களில் 'அகீலியன் கிரீன்' என்ற நீலப் பச்சையை இதற்காகவே பலர் வாங்குகிறார்கள். ஒரே அடியாய்த் தீட்டி முடிக்க ஆசை வரும், வேண்டாம். வெளிச்சம் குறைகிற தொடையின் உட்புறம், கைக்கு அடிப்புறம் இங்கெல்லாம் நீலம். தோள், முழங்கால், தலைக்கவசத்தின் உச்சி இங்கெல்லாம் பச்சை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படரட்டும். ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்தபிறகே அடுத்தது. அவசரப்பட்டுத் தேய்த்தால் அடியிலுள்ள வெள்ளியும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும்.

மயிலிடம் இந்தச் சிரமமெல்லாம் கிடையாது. அதன் இறகில் நீலச் சாயமும் இல்லை, பச்சைச் சாயமும் இல்லை. இருப்பது பழுப்பு நிறப் பொருள். அது அடுக்கப்பட்டிருக்கும் நுணுக்கமான ஒழுங்கில் ஒளி பட்டுத் திரும்பும்போது நிறம் பிறக்கிறது. இறகை அரைத்துப் பொடியாக்கினால் வெறும் பழுப்புத்தான் மிஞ்சும்.

இத்தனை மெல்லிய வேலைக்குப் பிரஷ்ஷின் நுனி ஊசிபோல் இருக்க வேண்டும். இங்கேதான் நான் உங்களோடு கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். நுனி பிரிந்தால் உடனே அதை உதட்டில் வைத்துக் கூர் செய்யும் பழக்கம் தீட்டுகிறவர்களிடையே ஏராளம். வாயில் நூலை வைத்து ஊசியில் கோக்கும் நமக்கு இது ஆச்சரியமாய்த் தோன்றாது.

அமெரிக்காவில், நியூஜெர்ஸியில் ஆரஞ்சு என்ற ஊரில், 1917 முதல் ஒரு தொழிற்சாலையில் இளம் பெண்கள் கடிகார முகங்களுக்கு இருட்டில் ஒளிரும் வர்ணம் தீட்டினார்கள். பிரஷ்ஷை உதட்டில் வைத்துக் கூர் செய்யும்படி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே வேலை வாங்கினார்கள். அந்த வர்ணத்தில் இருந்தது ரேடியம். சில வருஷங்களில் பற்கள் விழுந்தன, தாடை எலும்பு அரித்தது, பலர் மாண்டார்கள். கிரேஸ் பிரையர் என்ற பெண் வழக்குத் தொடுக்க ஒரு வக்கீலைத் தேடியே இரண்டு வருஷம் அலைந்தாள். 1927-ல் வழக்குப் போட்டாள். அவளும் இன்னும் நால்வரும் 1928-ல் ஆளுக்குப் பதினாயிரம் டாலரும் வருஷத்துக்கு அறுநூறு டாலரும் என்ற ராஜியை ஏற்றுக்கொண்டார்கள். 1933-ல் கிரேஸ் காலமானாள்.

இன்றைய பொம்மை வர்ணங்களில் ரேடியம் கிடையாது. விஷமற்றவை என்று புட்டியிலேயே அச்சிட்டுப் பலவற்றை விற்கிறார்கள். இருக்கட்டும். அவை வாய்க்குள் போவதற்காகச் செய்தவை அல்லவே! ஈரத் துணியிலோ உள்ளங்கையிலோ பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து மெல்லச் சுழற்றி இழுத்தால் அதே கூர் கிடைக்கிறது. கையில் இருப்பது பழைய காரீயச் சிப்பாயானால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பிரிட்டன் கம்பெனியார் 1966-ல்தான் காரீயத்தை விட்டார்கள். அதை அரத்தால் ராவுவதோ, குழந்தை கையில் கொடுப்பதோ கூடவே கூடாது. தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் மறு காரியம்.

வெள்ளிக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் வேறு பிரஷ்ஷை நனைக்காதீர்கள். நனைத்தால் சிப்பாயின் முகத்திலும் ஜிகினா மின்னும். நிறம் நன்றாகக் காய்ந்ததும் கவசத்தின் விளிம்புகளில் மாத்திரம் தலைமயிர் போன்ற வெள்ளிக் கோடு இழுங்கள். இடுக்குகளில் கருநீலத்தை நீர்க்க விடுங்கள். பட்டைக்கும் பொத்தானுக்கும் செம்பு நிறம் கொடுத்தால் நீலப் பச்சை இன்னும் எடுப்பாய்த் தெரியும். கடைசியில் பாதுகாப்புக்காக வார்னிஷ் அடிக்கும்போது டப்பாவைப் படித்துவிட்டு அடியுங்கள். மங்கல் வார்னிஷ் இந்த வேலைக்கு ஆகாது. நீங்கள் இரண்டு நாளாய்ச் சேர்த்த மினுமினுப்பை ஒரே நிமிஷத்தில் அணைத்துவிடும். பளபளப்பு வகையையோ பாதிப் பளபளப்பு வகையையோ கேட்டு வாங்குங்கள்.