பழைய மோட்டார் வண்டியும் பெட்ரோல் கசிவும்

நோய்களுட் சில முன்னறிவிப்பின்றி வந்து உயிரைக் கவர்வன. சில வாயிலில் நின்று பன்முறை கூவியழைத்த பின்னரே உட்புகுவன. முன்னவற்றிற்கு அஞ்சுதல் இயல்பு. பின்னவற்றை அசட்டை செய்து துன்புறுதல் நம் குற்றமேயாம். மோட்டார் வண்டிக்கு நேரும் கேடுகளும் இவ்விரு திறத்தனவே. அவற்றுள் பெட்ரோல் கசிவும், பெட்ரோலை இஞ்சினுக்கு ஏற்றும் பம்பின் தளர்ச்சியும் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தன. மணத்தாலும், தரையில் படியும் ஈரத்தாலும், ஏற்றத்தில் வண்டி திணறுவதாலும் அவை தம் வரவைத் தாமே அறிவிக்கின்றன. அறிவித்தும் நாம் கேளாச் செவியினராய் இருத்தலே பேரிடருக்கு வழியாகின்றது என்பது நம் கருத்து. அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றிற்கு முதன்முதல் வாய்த்த மோட்டார் மாருதி 800 என்னும் சிறு வண்டியே. 1983-ம் வருஷம் டிசம்பர் மாதம் முதல், ஹரியானாவிலுள்ள குர்கான் தொழிற்சாலையிலிருந்து, மூன்று சிலிண்டரும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய இஞ்சினோடு அது வெளிவரலாயிற்று. 2014-ம் வருஷம் அதன் உற்பத்தி நின்றது. ஆகவே, இன்று ஓடுவனவற்றுள் மிக இளையதும் பத்தாண்டு கடந்ததேயாம். இத்தகைய வண்டி இரண்டாம் கை, மூன்றாம் கை என மாறுந்தோறும், முதலில் வாங்கியவரினும் வசதி குறைந்தாரையே பெரும்பாலும் சென்றடைகின்றது. பழுது மிகும் பருவத்தில் வண்டி, பழுது பார்க்கப் பொருளில்லாதார் வசமாகின்றது. நாம் கவலை கொள்ளும் இடம் இதுவே. இனிக் கூறுவன அவ்வண்டி ஒன்றிற்கே உரியன அல்ல. அக்காலத்துச் சிறு வண்டிகள் பலவற்றிற்கும் பொதுவானவை.

தொடக்க காலத்து வண்டிகளில் கார்புரேட்டர் இருந்தது. இஞ்சினின் சுழற்சியாலேயே அசையும் ஒரு சிறு பம்ப், பின்புறத்து டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி அதற்குக் கொடுக்கும். பம்பினுள்ளே டயாபிரம் என்னும் மெல்லிய சவ்வு மேலும் கீழும் அசைகின்றது. ஆண்டுகள் செல்ல அச்சவ்வு இறுகி வெடிப்புறும். அப்போது இரண்டு விளைவுகள் நேரலாம். பம்பின் அடியிலுள்ள சிறு துளை வழியே பெட்ரோல் வெளியே சொட்டுதல் ஒன்று. அது கண்ணுக்குப் புலனாகும். மற்றொன்று, பெட்ரோல் இஞ்சினுட் சென்று ஆயிலோடு கலத்தல். அளவுகோலை உருவிப் பார்க்கின், ஆயில் குறைவதற்கு மாறாக ஏறியிருக்கும். பெட்ரோல் மணமும் வீசும். ஆயில் குறையவில்லையே என்று மகிழ்வார், நீர்த்த அவ்வாயிலால் இஞ்சினின் உறுப்புக்கள் தேய்ந்தழிவதை அறியார்.

2000-ம் வருஷத்தையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகவே, கார்புரேட்டர் நீங்கி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முறை வந்தது. பம்பும் மின்சாரத்தால் இயங்குவதாய் டாங்கியினுள்ளேயே அமர்ந்தது. தன்னைச் சூழ்ந்த பெட்ரோலாலேயே அது வெப்பம் தணிகின்றது. அவ்வப்போது நூறு ரூபாய்க்கே பெட்ரோல் வாங்கி, டாங்கியை எந்நாளும் வற்றும் நிலையில் வைத்து ஓட்டுவார், சிக்கனம் என்றெண்ணிப் பம்பின் ஆயுளைக் குறைக்கின்றனர். அழுக்கடைந்த பில்டரை மாற்றாமையும் அத்தன்மைத்தே. அடைப்பை எதிர்த்து உந்தும் பம்ப் விரைவில் ஓயும். மேலும், இம்முறையில் குழாயினுள் இருக்கும் அழுத்தம் கார்புரேட்டர் வண்டியில் உள்ளதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்காகும். ஆதலின், அங்கே சொட்டுவது இங்கே பீறிடும்.

பெட்ரோலின் இயல்பை அறிந்தார் ஒரு துளியையும் எளிதாக எண்ணார். சைபருக்குக் கீழே 40 டிகிரி அளவான குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை அது வெளிவிடும். அவ்வாவி காற்றைப் போல் 3 அல்லது 4 மடங்கு கனமுடையதாதலின், மேலெழுந்து கலையாமல் தரையோடு படர்ந்து தாழ்விடங்களில் தேங்கும். காற்றில் 100-க்கு 1.4 பங்கு கலந்தாலே ஒரு பொறி அதனை எரியச் செய்யப் போதும். கதவடைத்த வண்டிக் கொட்டகையில் இரவெல்லாம் சொட்டிய பெட்ரோலுக்குக் காலையில் சாவியைத் திருப்பும்போது எழும் மின்பொறியே தீக்குச்சியாகலாம்.

இப்பழைய இன்னலோடு புதியதொன்றும் சேர்ந்துள்ளது. கரும்பு, தானியம் முதலியவற்றினின்று வடிக்கும் எத்தனாலைப் பெட்ரோலிற் கலக்கும் திட்டம், நம் தேசத்தில் 2022-ம் வருஷம் 100-க்கு 10 பங்கையும், 2025-ம் வருஷம் 20 பங்கையும் எட்டியது. உழவர்க்கு வருவாயும், அயல்நாட்டு எண்ணெய்க்குச் செல்லும் பொருளில் மிச்சமும் தரும் இத்திட்டத்தை நாம் பழிக்கவில்லை. ஆயினும், எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது; பழைய ரப்பர் வகைகள் சிலவற்றை உப்பச் செய்து மெலிவிப்பது. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை ஓடிய பின் சில ரப்பர் உறுப்புக்களை மாற்ற நேரலாம் என்றும், அதற்குச் செலவு சொற்பமே என்றும் மத்திய சர்க்கார் 2025-ல் கூறினர். செலவு சொற்பமென்பது மெய்யே. ஆனால் அச்செய்தி, மூன்றாம் கையில் வண்டி வாங்கிய கிராமவாசியின் செவிக்கு எட்டிற்றா என்பதே நம் வினா. பெட்ரோல் நிலையந்தோறும் தமிழில் ஒரு பலகை எழுதி வைத்தல் அரிய காரியமன்று. அதுவும் சொற்பச் செலவே.

இத்தனை தொல்லை எதற்கு, பழைய வண்டிகளை எல்லாம் உடைத்தெறிந்து புதியன வாங்கலாமே என்பார் உளர். வாங்க இயன்றார்க்கு அது தகும். இயலாதார்க்கோ, நோயுற்ற தாயை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், மழையில் பிள்ளைகளை நனையாது பள்ளியிற் சேர்க்கவும் உள்ள துணை அஃதொன்றே. பேணப்பட்ட பழைய வண்டி அபாயமன்று, பேணப்படாததே அபாயம். வண்டியின் வயதைக் குறை கூறி நம் அஜாக்கிரதையை மறைத்தல் நேர்மையாகாது.

எனவே, ஒவ்வொருவருக்கும் உரிய கடமை ஒன்றுண்டு. வண்டியுடையார், பெட்ரோல் மணம் வீசிய அன்றே வண்டியை நிறுத்திக் கசிவைக் காணுதல் வேண்டும். ‘நாளை பார்ப்போம்’ என்னும் சொல்லுக்கு இவ்விஷயத்தில் இடமில்லை. பழுது பார்ப்பார், டாங்கியின் துளையில் சோப்பைக் குழைத்து அப்புதலையும், தண்ணீர்க் குழாயைப் பெட்ரோல் குழாயாக மாட்டுதலையும், கிளிப்பிற்குப் பதிலாகக் கம்பியை முறுக்குதலையும் அறவே விடுதல் வேண்டும். விற்பார், குழாயும் பம்பும் எப்போது மாற்றப்பட்டன என்பதை வாங்குவாரிடம் மறையாது உரைத்தல் வேண்டும். மேற்பூச்சைப் பளபளப்பாக்கி உள்ளிருக்கும் வெடிப்பை மூடி விற்பது, பிறன் வீட்டில் நெருப்பை ஒளித்து வைப்பதனோடு ஒக்கும்.

நம் கலாசாலை மாணவர்க்கும் ஒரு வார்த்தை. ரசாயன சாலையில் ஆவியின் கனத்தையும் தீப்பற்றும் எல்லையையும் கற்கும் நீவிர், விடுமுறையில் இல்லம் சென்றதும் தந்தையார் வண்டியின் முன்மூடியைத் திறந்து, குழாய்களைக் கையால் வளைத்து, வெடிப்பு உண்டோவெனப் பாருங்கள். இஞ்சின் ஆறியிருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். பரீட்சைத்தாளில் எழுதிய விடையைக் காட்டிலும் அப்பத்து நிமிஷம் அக்கல்விக்குச் சிறந்த சான்றாகும். சிறு பொறுப்பில் உண்மையாயிருத்தலை ஆலயத்தில் பன்முறை கேட்டுள்ளோம். ஒரு சாண் ரப்பர் குழாயும் அத்தகைய சிறு பொறுப்புக்களுள் ஒன்றே. அதனைக் காலத்தே மாற்றினார், தம் குடும்பத்தையும், தம் வண்டிக்கருகே வழிச்செல்லும் அறியாதாரையும் ஒருங்கே காத்தவராவர்.