அளக்காமல் புதுப்பிக்க முடியாது

பழைய ரேஸ் மோட்டார் சைக்கிள்களைத் தேடியெடுத்து ஓட வைப்பவர்களிடம் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம்: "கார்புரேட்டரை முழுசாப் புதுப்பிச்சாச்சு." என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே விடைதான். பிரித்தார்கள், கழுவினார்கள், காற்றடித்து ஊதினார்கள், கிட்டில் வந்த கேஸ்கட்டையும் வாஷரையும் ஃப்ளோட் நீடிலையும் மாற்றினார்கள், வெளிப்புறத்தைப் பளபளப்பாக்கிப் பூட்டினார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஐட்லிங் நிற்பதில்லை; பாதித் திராட்டிலில் தடுமாறுகிறது. டூ ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் ஒரு நாள் முழு வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சீஸ் ஆகிறது. பழி பிளக் மீதும் பெட்ரோல் மீதும் விழுகிறது. கடைசியில் அந்த அரிய கார்புரேட்டர் பரணுக்குப் போகிறது, அது இருந்த இடத்தில் வேறொரு புதிய கார்புரேட்டர் ஏறிக்கொள்கிறது.

இந்த இழப்பு தேவையே இல்லை. அங்கே நடந்தது சுத்தம் செய்யும் வேலை மட்டும். புதுப்பிக்கும் வேலை தொடங்கவே இல்லை. கார்புரேட்டர் அடிப்படையில் ஓர் அளவைக் கருவி. உள்ளே போகும் காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கணந்தோறும் அளந்து கொடுப்பதே அதன் பணி. நகைக்கடைத் தராசைத் தேய்த்து மெருகேற்றிவிட்டால் எடை சரியாகிவிடுமா? எதை அளக்க வேண்டும், ஏன் அளக்க வேண்டும், அளந்து கிடைத்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இங்கே பேசப்போவது ஸ்லைடு வகைக் கார்புரேட்டர்களைப் பற்றி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1927இல் மூன்று கார்புரேட்டர் நிறுவனங்கள் இணைந்து அமல் உருவானது. அதன் ஜி.பி. வகை, ஒன்றரை அங்குலத் துளையுடன், பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார் டி.பி.டி.34 வண்டியில் வந்தது. இத்தாலியில் டெல்லோர்ட்டோவின் எஸ்.எஸ்.1 வகை, 1950களின் 125 சிசி, 175 சிசி ரேஸ் வண்டிகளில் புகழ்பெற்றது. ஜப்பானின் மிகுனி, அமலிடமிருந்து தொழில்நுட்பம் பெற்றுத் தொடங்கிப் பின்னர் தன் வி.எம். வகையை யமஹாவின் ரேஸ் வண்டிகளுக்குக் கொடுத்தது. இந்தியாவில் 1983இல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் வந்த யமஹா ஆர்.டி.350 வண்டியிலும் இந்த வி.எம். குடும்பமே இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல. நாடுகள் வேறானாலும் இந்த மூன்று நிறுவனங்களின் கார்புரேட்டர்களும் வேலை செய்யும் விதம் ஒன்றே.

திராட்டிலைத் திருகும்போது, காற்றுவழியை மறைத்திருக்கும் ஸ்லைடு மேலே ஏறுகிறது. ஸ்லைடோடு கூர்முனை கொண்ட நீடிலும் ஏறுகிறது. நீடில், நீடில் ஜெட் என்னும் துளைக்குள் தொங்குகிறது. நீடில் உயர உயரத் துளையில் இடைவெளி கூடி அதிகப் பெட்ரோல் வருகிறது. திராட்டிலின் முதல் எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டின் ஆட்சி. அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டியிருக்கும் பகுதி கலவையைத் தீர்மானிக்கிறது. கால் முதல் முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும். என்றாலும் கோளாறு திராட்டிலின் எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்தால், எந்தப் பாகத்தை அளக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பாதித் திராட்டிலில் தடுமாறும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றி மாற்றிப் போடுவது வீண் உழைப்பு.

முதல் அளவை, கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். காற்றுத் திருகு எத்தனை சுற்றுத் திறந்திருந்தது, நீடிலின் கிளிப் எத்தனையாவது பள்ளத்தில் இருந்தது, ஒவ்வொரு ஜெட்டிலும் பொறித்திருக்கும் எண் என்ன, ஸ்லைடில் என்ன எண் என்பதையெல்லாம் எழுதிக்கொண்ட பிறகே பிரிக்க வேண்டும். ரேஸில் ஓடிய கார்புரேட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது அபூர்வம். யாரோ ஒரு டியூனர் ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்கியிருப்பார். ஸ்லைடின் வெட்டை அரத்தால் ராவியிருப்பார். கார்புரேட்டரின் காற்றுத் துளையைக் கடைந்து அகலப்படுத்தியிருப்பார். அவை பிழைகளாகவும் இருக்கலாம், அந்த வண்டி வென்றதற்கான காரணங்களாகவும் இருக்கலாம். பதிவு செய்யாமல் தூக்கிப் போட்டால் எது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

அடுத்தது ஜெட்டின் எண். குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். டெல்லோர்ட்டோ ஜெட்டில் 125 என்றிருந்தால் துளையின் விட்டம் 1.25 மில்லிமீட்டர் என்று பொருள். அமலின் மெயின் ஜெட்டில் உள்ள எண், வரையறுத்த நிலையில் ஒரு நிமிடத்தில் அதன் வழியே பாயும் திரவத்தின் அளவைக் கன சென்டிமீட்டரில் குறிக்கிறது. மிகுனியின் பெரிய அறுகோணத் தலை ஜெட்டுகள் பாய்ச்சலை ஒட்டியும், சிறிய வட்டத் தலை ஜெட்டுகள் விட்டத்தை ஒட்டியும் எண்ணிடப்பட்டவை. ஆகவே ஒரு நிறுவனத்தின் 150ஐ இன்னொன்றின் 150க்கு ஈடு என்று நினைப்பதில் அர்த்தமில்லை. விட்டம் சற்றே கூடினாலும் பரப்பு இருமடி விகிதத்தில் கூடும் என்பதும் நினைவிருக்கட்டும். 1.25 மி.மீ. துளை 1.30 ஆனால் விட்டம் 4 சதவீதம்தான் கூடுகிறது. பரப்போ 8 சதவீதம் கூடிவிடுகிறது.

விட்டத்தை அளந்தால் மட்டும் போதுமா? போதாது. துளையின் வாய் கூர்மையாக இருக்கிறதா, மழுங்கிச் சரிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரே விட்டத்தில் பாய்ச்சல் கணிசமாக மாறும். அடைப்பை எடுக்கக் கம்பி விட்டுக் குடைந்த பித்தளை ஜெட், பின் கேஜில் சரியாகக் காட்டினாலும் அதிகமாகப் பாயக்கூடும். எனவே ஜெட்டைப் பாயவிட்டுத்தான் அளக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாம். மட்டம் மாறாத ஒரு சிறு தொட்டி, ஜெட்டைப் பொருத்த ஒரு குழாய், ஓர் அளவு உருளை, ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். பெட்ரோலைத் தவிர்த்து மண்ணெண்ணெய் பயன்படுத்துவது பாதுகாப்பு. தொட்டியின் மட்டம் 10 சதவீதம் இறங்கினால் பாய்ச்சல் ஏறத்தாழ 5 சதவீதம் குறையும் என்பதால் மட்டத்தை நிலையாக வைத்திருப்பது முக்கியம். முதலில் நம்பகமான புதிய ஜெட் ஒன்றைப் பாயவிட்டு அளந்துகொண்டு, அதே திரவத்தில், அதே வெப்பத்தில் பழையதைப் பாயவிட்டு ஒப்பிட வேண்டும். நமக்குத் தேவை இரண்டு பாய்ச்சல்களின் விகிதம்தான்.

கண்ணுக்குத் தெரியாமல் தேய்வது நீடில் ஜெட். என்ஜின் அதிரும்போதெல்லாம் நீடில் ஜெட்டின் சுவரில் உரசுகிறது. வட்டத் துளை நாளடைவில் நீள்வட்டமாகிறது. இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஜெட்டின் துளை 2.70 மி.மீ., நீடிலின் தடிமன் 2.50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வரும் வழி இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளையம் மட்டுமே. துளை வெறும் 0.03 மி.மீ. தேய்ந்தால் அந்த வளையத்தின் பரப்பு ஏறத்தாழ 16 சதவீதம் கூடிவிடும். பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, பிளக் கறுக்கிறது, கால் திராட்டிலில் மூச்சுத் திணறுகிறது என்று சொல்லப்படும் பல வண்டிகளில் குற்றவாளி இதுதான். நீடிலையும் ஜெட்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

ஸ்லைடும் உடலும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. புதிதில் இவற்றுக்கிடையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே இடைவெளி இருக்கும். அது பெருகினால் கணக்கில் வராத காற்று பக்கவாட்டில் நுழைகிறது; ஐட்லிங் ஒரு நிலையில் நிற்காது, ஸ்லைடும் சிக்கிக்கொள்ளலாம். ஃபீலர் கேஜால் இடைவெளியையும், மைக்ரோமீட்டரால் இரு திசைகளிலும் ஸ்லைடையும் அளந்தால் உண்மை தெரியும். தேய்ந்த உடலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஸ்லைடுக்கு மெல்லிய உலோக உறை போட்டுப் பழைய இடைவெளிக்குக் கொண்டுவரும் தேர்ந்த கடைசல் பட்டறைகள் இருக்கின்றன. என்ஜினோடு இணையும் ஃபிளாஞ்சையும் சமதளக் கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும். நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் துத்தநாகக் கலவை உடல் வளைந்து, அங்கேயும் காற்று கசியும்.

ஃப்ளோட் (மிதவை) மட்டம் இன்னொரு முக்கிய அளவு. அமல் ஜி.பி.யிலும் எஸ்.எஸ்.1இலும் ஃப்ளோட் அறை தனியாக, என்ஜினின் அதிர்வில் பெட்ரோல் நுரைக்காதபடி ரப்பர் தாங்கிகளில் தொங்கும். அதை எந்த உயரத்தில் பொருத்துகிறோமோ அதற்கேற்ப ஜெட்டில் பெட்ரோல் மட்டம் மாறும். திராட்டிலின் எல்லா நிலைகளிலும் கலவை மாறும். அறையோடு தெளிவான ஒரு குழாயை இணைத்து மட்டத்தை நேரடியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பித்தளை ஃப்ளோட்டை வெந்நீரில் அமிழ்த்தினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை குமிழியாகக் காட்டிக்கொடுக்கும்.

கழுவுவதிலும் கவனம் தேவை. அந்தக் கால ரேஸ் என்ஜின்களில் ஆமணக்கெண்ணெய் பெருமளவில் பயன்பட்டது. அது காய்ந்தால் அரக்கைப்போல் இறுகி நுண்துளைகளை அடைக்கும். பெட்ரோலில் எளிதில் கரையாது, ஆல்கஹால் கலந்த கரைப்பான்களுக்கு இளகும். காஸ்டிக் சோடா போன்ற கடுங்காரத்தில் துத்தநாக உடலை ஊறப்போட்டால் உடலையே அரித்துவிடும்.

இத்தனையும் சரியாக அளந்து மீட்டபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பழைய கையேட்டில் சொன்ன ஜெட்டைப் போட்டால் வண்டி சரியாக ஓடுமா? கையேட்டின் எண் அன்றைய பெட்ரோலுக்கும், அன்றைய சைலன்சருக்கும், அந்த நாட்டின் காற்றுக்கும் எழுதப்பட்டது. 15 டிகிரி இங்கிலாந்துக் காற்றைவிட 35 டிகிரி சென்னைக் காற்று 6 சதவீதத்துக்கு மேல் மெலிந்தது. கார்புரேட்டர் காற்றின் கன அளவை உணருமே தவிர எடையை முழுமையாக உணராது. கலவை சுமார் 3 சதவீதம் ரிச் (பெட்ரோல் மிகுதி) ஆகும். மறுபுறம், 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் எதிர்த்திசையில் இழுக்கிறது. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 கிலோ போதும். பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை கிட்டத்தட்ட 8 சதவீதம் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் மிச்சம் லீன் பக்கமே. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு எண்ணெயைக் கூடுதலாகக் கலந்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். எண்ணெய் கூடினால் அதே ஜெட்டில் பெட்ரோல் குறைகிறது என்பதால் அதுவும் கலவையை லீன் ஆக்கவே செய்யும். லீன் கலவையில்தான் பிஸ்டன் சூடேறிச் சீஸ் ஆகிறது.

ஆகவே கையேட்டின் எண்ணைத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்டு, சற்று ரிச்சான ஜெட்டிலிருந்து படிப்படியாக இறங்குவதே முறை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்ற வேண்டும். முழு திராட்டிலில் ஓட்டி, அங்கேயே என்ஜினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் பழைய முறை இன்றும் பயன் தரும். இன்றைய பெட்ரோலில் பிளக்கின் நிறம் முன்போலத் தெளிவாகப் பேசுவதில்லை. வசதியுள்ளவர்கள் புகைபோக்கியில் ஆக்சிஜன் சென்சார் வைத்து உறுதி செய்துகொள்வது நல்லது. சென்சார் காட்டும் எண்ணுக்கும் பொருள் கிடைப்பது, ஜெட்டும் நீடிலும் என்ன அளவில் இருக்கின்றன என்று தெரிந்திருந்தால்தான். தேய்ந்த நீடில் ஜெட்டின் மேல் எவ்வளவு டியூனிங் செய்தாலும், அது இன்னும் தேயும்போது எல்லாம் மறுபடி மாறிவிடும்.

இந்த அளவுகளை எல்லாம் ஒரே தாளில் அடக்கிவிடலாம்: கார்புரேட்டரின் துளை விட்டம், ஸ்லைடின் இடைவெளி, நீடில், நீடில் ஜெட், மெயின் ஜெட்டின் பாய்ச்சல், ஃப்ளோட் மட்டம், பிரித்தபோது இருந்த நிலை, பூட்டியபோது வைத்த நிலை, எந்த எரிபொருளுக்கு, எந்த ஊரில். கார்புரேட்டரைப் புதுப்பித்துத் தரும் ஒவ்வொரு பட்டறையும் இந்தத் தாளை வண்டியோடு கொடுக்க வேண்டும். கொடுக்காத இடத்தில் உரிமையாளர் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கருவிகளைக் கையால் உணர்ந்த மெக்கானிக்குகளின் தலைமுறை ஓய்ந்துவருகிறது. அவர்கள் காதாலும் கையாலும் அறிந்ததை எண்களாக எழுதி வைத்தால், அவர்களைப் பார்த்தேயிராத ஓர் இளைஞரும் நாளை அதே கார்புரேட்டரை அதே நிலைக்குக் கொண்டுவர முடியும்.